கரி பிடித்த கண்ணாடி

வீட்டைச் சூடாக்கும் விறகு அடுப்பின் கதவுக் கண்ணாடியில் கரி பிடிக்க இரண்டு காரணங்கள் உண்டு: ஈர விறகு அல்லது காற்றுக் குறைவு. தோர்மூட் முதலாவதை மட்டுமே யோசித்தான். இரண்டு வருடம் காயவைத்த தன் பிர்ச் மர விறகைத் தம்பி ஐலிஃப் திருடிவிட்டு, ஈர விறகை அடுக்கிவிட்டான் என்று முடிவு கட்டினான்.

தம்பி உள்ளே வந்ததும் அந்த அடுக்கிலிருந்தே ஒரு கட்டையை எடுத்து அவன் வாயிலேயே ஓங்கி அடித்தான்.

"திருட்டு நாயே, என் காஞ்ச விறகு எங்கடா?"

கை நழுவிய கட்டை கல்தரையில் விழுந்து மணிபோல ஒலித்தது. ஈரக் கட்டை அப்படி ஒலிக்காது.

"கேட்டுச்சாண்ணே?" ஐலிஃப் ரத்தத்தைத் துப்பினான். "அடுப்புக்குள்ள காத்து விடுற பிடிய நீயே மூடி வச்சுட்டு நான் திருடனா?"

பிடியை இழுத்துத் திறந்துவிட்டு அவன் பனியில் இறங்கிப் போனான்.

தீ சீறியது. கரி எரிந்து கண்ணாடி தெளிந்தபோது, அந்த வெளிச்சத்தில் தரையில் கிடந்த இரண்டு பற்கள் தெரிந்தன.