உப்புக் குறைந்த கறி

1

இந்தக் கதையை நானாக எழுத வரவில்லை. எழுதச் சொன்னவர் எங்கள் கிறிஸ்தவ சபையின் மூப்பர் ஹேரோன்.

"சாமிகளுக்குப் பலி குடுத்துக் கறி திங்கணும்னு ரோமாபுரி ராயன் உத்தரவு போட்டானே, அப்ப நம்ம சபை எப்படி நின்னுச்சுன்னு எழுதுய்யா. தயேசிஸ் ஒருத்திதான் விசுவாசத்துலேர்ந்து விழுந்தா. அதையும் எழுது. ஞாயித்துக்கிழமை சபையில வாசிக்கணும்."

நான் எகிப்தின் ஆர்சினோயே ஊரில் மனு எழுதிப் பிழைப்பவன். சரி என்றேன்.

2

எங்கள் சபை பாறைபோல் நின்றது. (அடித்துவிட்டேன்.)

எங்கள் சபையில் பெரும்பாலானோர்... (வேண்டாம். பெரும்பாலானோர் என்ன செய்தோம் என்று எனக்குத் தெரியும்.)

தயேசிஸ் கறியைத் தின்றாள்.

இது நிற்கட்டும். மகளை இழுத்துப்போவதாகச் சேவகர்கள் மிரட்டினார்கள், தின்றாள். கோயில் சுவரோரம் போய் வாந்தியெடுத்தாள். அடுத்த ஞாயிறே சபை நடுவில் எழுந்து, "நான் தின்னுட்டேன். யாரும் கேக்குமுன்ன நானே சொல்லிடுறேன்" என்றாள். அன்றிலிருந்து ஒரு வருடமாகச் சபையில் அவளுக்கு இடம் வாசலுக்கு வெளியேதான். சபையார் பிட்டுப் பகிரும் அப்பம் அவளுக்குக் கிடையாது.

3

ஹேரோனைக் கதைக்குள் கொண்டுவரத் தயக்கமாக இருக்கிறது. நானே கற்பனை செய்திருந்தால், இப்படியும் ஒரு ஆளா என்று அந்த வரியை அடித்திருப்பேன்.

பலியிட்டவர்களுக்கு, ‘பலியிட்டு உண்டார்’ என்று அரசுச் சான்று எழுதியவன் நான்தான். வரிசையில் அவர் வந்து நின்றபோது மைக்கூட்டைக் கவிழ்த்துவிட்டேன். அவரோ கறியை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"உப்பு கம்மி" என்றார். பிறகு, "பேரைப் பிழையில்லாம எழுதுய்யா."

அந்த அதிர்ச்சி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இதை நான் வெளியே சொல்லமாட்டேன் என்பது அவருக்கு நிச்சயம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

4

தயேசிஸ் இப்போது காய்ச்சலில் கிடக்கிறாள். பிழைப்பது கஷ்டம். நோயாளிகளுக்கு ஞாயிறு அப்பத்தில் ஒரு துண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம்.

"ஒரு துண்டு போதும்ணே. கண்ண மூடுறதுக்குள்ள" என்றாள்.

ஹேரோனிடம் போய்ச் சொன்னேன்.

"அந்தக் கறியத் தின்ன வாய்க்கு அப்பமா? சபைக்குன்னு ஒரு மானம் இருக்குல்ல?"

நான் வாயடைத்துப்போனேன். (பொய். வாயை மூடிக்கொண்டேன்.)

5

ஒரு முடிவு: ஹேரோன் சபையில் விழுந்து அழுகிறார். (அழமாட்டார்.)

இன்னொன்று: நான் எழுந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். (என்னை எனக்குத் தெரியாதா?)

ஆகவே, நாளை இதைச் சபையில் வாசிக்கப்போகிறவரே, முடிவை உங்களிடம் விடுகிறேன். வாசித்தால் ஹேரோன் மறுப்பார். என்னைக் குடிகாரன் என்பார். ஆனால் ஒவ்வொரு சான்றிலும் ஒரு நகல் எழுதியவனிடமே தங்கும். அப்படித் தங்கிய இரண்டை ஒட்டி, அவற்றின் பின்பக்கத்தில்தான் இந்தக் கதையை எழுதியிருக்கிறேன். முதல் தாள் அவருடையது. இரண்டாவதைக் கிழித்துவிடலாம் என்று மூன்று முறை கை வைத்தேன். இந்த வரி இருப்பது அதன்மேல்தான். அது என் பெயருக்கு நானே எழுதிக்கொண்டது.

திருப்பினால் இரண்டும் தெரியும். அப்பத்தைப் பிட்கும்முன் திருப்புங்கள், இல்லையென்றால் சுருட்டி வைத்துவிடுங்கள். தயேசிஸ் வீடு வாய்க்காலைத் தாண்டியதும் முதல் வீடு.