தட்டப்பயறு தின்னி வந்த காலை

பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டைவிடப் பந்து உதைக்கிறவன் முகம் பெரிதாகிப்போன காலம் இது. சுமானா ஜாரா விடிந்ததிலிருந்து இதையேதான் முனகிக்கொண்டிருந்தார். ஆடு அறுத்தாயிற்று. விரித்த பாய்களில் ஈ மட்டும் உட்கார்ந்திருந்தது. செகு ஊரே நெடுஞ்சாலையில் நின்றது. புராமா த்ராவோரே இன்று கோப்பையோடு ஊர் திரும்புகிறான்.

“இமாமுக்கு ஆள் அனுப்பினியா?” என்றார் மனைவியிடம்.

“அவரும் அங்கதான் நிக்கிறாராம்,” என்றாள் சிரா, வெங்காயம் அரிந்தபடியே. “புராமாகூட போட்டோ எடுக்கணுமாம்.”

பேத்தி பிறந்து ஒரு வாரமாயிற்று. இன்று காலையே இமாம் காதில் ஓதி, அக்கம்பக்கம் கேட்கப் பேரைச் சொன்னால்தான் அவள் ஊருக்கு ஒரு ஆள். நாலு பேர் கேட்காத பேரை நாளைக்கு யார் கூப்பிடுவார்கள்? பெரியவர் வெற்றிலைபாக்குப்போல் அழைப்புக்குக் கொடுக்கும் கோலாக்கொட்டைகளை மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினார்.

மரத்தில், கூரையில், நின்ற லாரியின் மேல் என்று எங்கும் மனிதர்கள். மீன்காரிகள் தலையில் கூடை இருப்பதையே மறந்து ஆடினார்கள். புராமா பெனால்டியைக் கோட்டைவிட்டபோது இதே வாய்கள் அவனை வைது தீர்த்ததை ஜாரா மறக்கவில்லை. இந்தக் கூட்டத்தில் இமாமை எங்கே தேடுவது? புராமாவின் ஜீப் நெருங்கியதும் நடுச்சாலையில் போய் நின்றார்.

“இறங்குடா தட்டப்பயறு தின்னி. என் வீட்டு விருந்தாளி அத்தனை பேரையும் திருடிக்கிட்டு எங்கடா போற?”

போலீஸ்காரர் பாய்ந்து வந்தார். ஜாரா என்று பெரியவர் தன் குலப்பெயரைச் சொன்னதும் சிரித்துக்கொண்டே ஒதுங்கிவிட்டார். ஜாரா குலத்தாரும் த்ராவோரே குலத்தாரும் கேலி முறைக்காரர்கள். ஒருவரையொருவர் பயறு தின்னி, அடிமை என்று என்ன வேண்டுமானாலும் ஏசலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. கேட்டதை மறுக்கவும் கூடாது.

புராமா ஜீப்பிலிருந்து குனிந்து பார்த்தான். “எங்க வீட்டு அடிமை ஏன் இப்படிக் கத்துறான்? யாரும் சோறு போடலையா?” கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் குதித்து இறங்கினான். “நட தாத்தா. பயறு மிச்சமிருந்தா எனக்கும் எடுத்து வை.”

முற்றம் கொள்ளாமல் ஊர் வந்து நிறைந்தது. இமாமும் மூச்சிரைக்க வந்து, பிள்ளையின் காதில் ஓதி, பேரைச் சொன்னார். எல்லாக் கைபேசியும் புராமாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

“என்ன பேரு சொன்னாரு?” என்று சோதித்துப் பார்க்கப் பக்கத்து வீட்டுத் தையல்காரனை உலுக்கினார் ஜாரா.

“கவனிக்கலையே பெரியவரே. கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது.”

புராமா இதைப் பார்த்துவிட்டான். பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, “அசேத்து ஜாரா,” என்றான் உரக்க. “எங்க, எல்லாரும் சொல்லுங்க.”

முற்றம் சொன்னது. தெரு சொன்னது. மதில்மேல் இருந்தவர்கள் மைதானத்தில் கத்துவதுபோல் கைதட்டித் தட்டி அசேத்து, அசேத்து என்றார்கள். பிள்ளை கொட்டாவி விட்டது.

“இப்ப திருப்திதானே?” என்றாள் சிரா.

“இவன் கழுதைன்னு சொல்லியிருந்தாலும் இப்படித்தான் கத்தியிருப்பானுங்க. நாளைக்கு வந்து சொல்லட்டும், பாக்கலாம்.”

இத்தனை வாய்க்கு ஒரு ஆடு எந்த மூலைக்கு? குழம்பில் தண்ணீர் ஊற்றத்தான் வேண்டும். காலிக் குடத்தைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆற்றை நோக்கி நடந்தார். துறையில் துணி துவைத்த பெண்கள், யார் பேர் என்று தெரியாமலே, அந்தத் தாளத்துக்குக் கல்லில் துணியை அடித்துக்கொண்டிருந்தார்கள்: அசே-த்து, அசே-த்து. அவர் யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், இன்னும் முனகியபடியே, அவர்களைத் தாண்டி நடந்தார்.