ஒரே தடவைதான் கேட்பார்கள்

கவிநிலாவை மிஷனெரியாக அனுப்ப எங்கள் சபை முடிவு செய்தபோது, முதல் தடவை அவள், "எனக்கு அவ்ளோ தகுதி இல்லீங்க பாஸ்டர்" என்றாள். இரண்டாம் தடவை, "வேற யாராவது நல்லவங்களா பாருங்க" என்றாள். மூன்றாம் தடவை பாஸ்டர் அறிவுச்செல்வன் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டாள். சம்மதம் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. மறுநாளே கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபிளெக்ஸ் ஏறியது. அதில் கம்போடியா போகிறவளின் முகம் சின்னதாகவும், போகாத பாஸ்டரின் முகம் பெரிதாகவும் இருந்தது.

நான் சபைச் செயலாளர். கடிதப் போக்குவரத்தெல்லாம் என் வேலை. நர்ஸ் படிப்பு படிக்கும்போதே கம்போடியாவில் உள்ள மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை என்று எனக்கு மட்டும் தெரியும். "பாஸ்டர் ரெண்டு வாட்டியோட நிறுத்தியிருந்தா நான் செத்தேபோயிருப்பேண்ணா" என்று பிற்பாடு சொன்னாள்.

கம்போடியாவுக்கு முன் தாய்லாந்தில் இரண்டு மாதப் பயிற்சி. வேற்றுக் கலாசாரத்து மக்களோடு எப்படிப் பழகுவது என்று கற்றுக்கொடுப்பார்களாம். ஆசிரியர் கிரெக், அமெரிக்கர். ஆசியர்களின் மனத்தை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்த ஆராய்ச்சிக்காக நம் ரமணாசிரமம் பக்கம் மூன்று வாரம் அறை எடுத்துத் தங்கியிருக்கிறார். செங்கம் ரோடு காபிக் கடைகளில் அவரோடு மனம்விட்டுப் பேசிய ஆசியர்களில் பாதிப் பேர் ஜெர்மன்காரர்கள்.

பயிற்சியில் ஒருநாள், 'கிராமத்து வீட்டில் விருந்து' என்று ஒரு பாடம். கிரெக் லுங்கி கட்டிக்கொண்டு, பாயில் உட்கார்ந்து, கிராமத்துப் பெரியவராக நடித்தார். கவிநிலா விருந்தாளி.

"சாப்பிடுகிறீர்களா?" என்று தட்டை நீட்டினார்.

"பரவால்லைங்க சார், இப்பதான் சாப்பிட்டேன்" என்றாள் இவள். காலையிலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படவில்லை. அவர் இன்னொரு தடவை கேட்பார், கையைப் பிடித்து உட்காரவைப்பார், அப்போது வெட்கப்பட்டுக்கொண்டே உட்காரலாம் என்று காத்திருந்தாள். கிரெக் தலையாட்டிவிட்டு அந்தத் தட்டைப் பக்கத்தில் நின்ற பிரேசில்காரரிடம் கொடுத்தார். அன்றைய மதியச் சாப்பாடே அதுதான் என்பது பாத்திரம் கழுவும்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கிரெக் அனுப்பிய அறிக்கையை நான்தான் சபைக் கமிட்டியில் படித்தேன். 'விருந்தோம்பலை மறுக்கிறார். உண்மை பேசத் தயங்குகிறார். ஆசியக் கலாசாரத்தோடு இவர் ஒத்துப்போவது கடினம்.' கம்போடியா நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த மாதம் இந்தியா வரும்போது கிரெக்கே அவள் வீட்டுக்கு வந்து பார்த்து முடிவு சொல்வாராம்.

பாஸ்டரின் கவலை வேறு. "ஃபிளெக்ஸ எறக்கறதா வேணாமா, அத சொல்லுங்க மொதல்ல."

ஊர் திரும்பிய கவிநிலாவிடம், "இந்த வாட்டி கேட்ட உடனே சரின்னு சொல்லிடும்மா. அவங்க ஒருவாட்டிதான் கேப்பாங்க" என்றேன்.

"வரமாட்டேங்குதுண்ணா. தொண்டையிலயே நின்னுபோவுது. அலையற மாதிரி இருக்கு."

கிரெக் வந்தது மதியம் மூன்றரை மணிக்கு. பாஸ்டர் வீட்டில் சாப்பிட்டிருப்பார் என்று கவிநிலாவின் அம்மா தங்கம்மாள் நினைத்திருந்தார். இங்கே சாப்பிடுவார் என்று பாஸ்டர் நினைத்திருந்தார். வாசலுக்கு வந்தவரிடம் முறைக்கு ஒரு வார்த்தை கேட்பது வழக்கம்தானே? "வாங்க சார், சாப்புடுங்க" என்றார் தங்கம்மாள்.

"நன்றி, சாப்பிடுறேன்!" என்று கிரெக் அழகான தமிழில் சொல்லிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

வீட்டில் சோறு இல்லை. தங்கம்மாள் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் பாஸ்டரைப் பார்த்தேன். பாஸ்டர் சத்தமில்லாமல் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கவுஸ் பாஷா கடைக்குப் பிரியாணி வாங்கப் போனார்.

பிரியாணி வந்து, இலை போட்டு, கிரெக் பாதி சாப்பிட்டதும், "போதும்" என்றார். அதை யார் காதில் வாங்குவார்கள்? தங்கம்மாள் இன்னொரு கரண்டி வைத்தார். மீண்டும், "போதும்." இன்னொரு கரண்டி. ஆசியாவில் வைத்த உணவை மறுப்பது பெரிய அவமரியாதை என்பது அவர் நடத்தும் பாடம். ஆகவே வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டார். இலையைக் கையால் மறைத்தால் விட்டுவிடுவார்கள் என்று மூன்று வாரத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அன்று நாங்களும் சொல்லவில்லை.

கை கழுவிவிட்டுச் சுவரில் சாய்ந்த கிரெக், பேனாவைத் திறந்தார்.

"கவிநிலா, கம்போடியாவுக்கு அனுப்பினால் போவீர்களா?"

பாஸ்டர் முந்திக்கொண்டார். "அவ என்னங்க சொல்லப்போறா, எல்லாம் கர்த்தருடைய சித்தம்..."

தங்கம்மாள் மகளின் முந்தானையைப் பின்னாலிருந்து இழுத்தார். இவள் வாயைத் திறந்து, 'எனக்கு அவ்ளோ தகுதி இல்லீங்க' என்றால், அந்த மனிதர் அதை அப்படியே எழுதிக்கொண்டு சென்னைக்குப் போய்விடுவார்.

"போறேன்" என்றாள் கவிநிலா. ஒரே தடவை கேட்டதற்கு, நேராக அவர் முகத்தைப் பார்த்து, "எனக்குப் போவணும் சார்" என்று அதையும் சேர்த்துச் சொன்னாள்.

வீடே கூசிப்போனது. பாஸ்டர் விட்டத்தைப் பார்த்தார். "என்னாடி இது, இப்படியா அலையறது?" என்று தங்கம்மாள் அடிக்குரலில் சீறினார். கிரெக் மட்டும் மலர்ந்த முகத்தோடு, 'பயிற்சி நன்றாகப் பலன் தந்திருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வெளிநாடு போய்ட்டு வந்து வாய் ஜாஸ்தியாயிடுச்சு அதுக்கு" என்பதுதான் அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களின் பேச்சு. ஃபிளெக்ஸ் இறங்கவில்லை.

கிரெக் வந்த அன்று அவரைக் காரில் ஏற்றிவிட்டு நான் திரும்பியபோது ஐந்து மணி இருக்கும். அவருக்காக ஓடிய ஓட்டத்தில் நானும் மதியம் சாப்பிட்டிருக்கவில்லை. கவிநிலா பிரியாணிப் பாத்திரத்தோடு நின்றிருந்தாள். மணம் ஆளைத் தூக்கியது.

"அண்ணா, மீதி இருக்குது. சாப்புடறீங்களா?"

"வேணாம்மா, சாப்ட்டுட்டுதான் வந்தேன்" என்றேன்.

"சரிண்ணா" என்று பாத்திரத்தை மூடிவிட்டாள்.