ஈர நெல்லுக்கு ஒரு மறுமதிப்பீடு

இணை இயக்குநர் அரவிந்தன் எங்களுக்கு டீ வரவழைத்தபோதே தெரிந்துவிட்டது, ஆள் படிந்துவரப் பார்க்கிறார் என்று. உத்திரமேரூர் மாட்டுத் தரகர் மகனான எனக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்? இறங்கிவர மனமில்லாதவன் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கமாட்டான்.

என் மனைவி சசிரேகா டீயைத் தொடவில்லை. மழையில் நனைந்த நெல்லை உமிச் சூட்டில் உலர்த்தும் சின்ன இயந்திரம் அவள் யோசனை. இரண்டு மூட்டை வைத்திருப்பவனும் வாசலிலேயே உலர்த்திக்கொள்ளலாம். ஒரகடத்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, எங்கள் ஆட்டுக்கொட்டகையில் மாதிரி ஒன்றைச் செய்தும்விட்டாள். மேற்கொண்டு செய்யச் சிறுதொழில் ஆராய்ச்சி நிதி கேட்டால், 'புதுமை இல்லை' என்று தள்ளிவிட்டார்கள். மதிப்பெண் போட்டவர் யார் என்று கேட்டால், ரகசியமாம். அரவிந்தனிடம் வந்திருக்கும் இந்த மேல்முறையீடும் தோற்றால் பழையபடி கம்பெனி பஸ் ஏறுவது என்று முடிவு செய்திருந்தாள்.

"அப்பீலை வாபஸ் வாங்கிடுங்க மேடம். அடுத்த சுற்றுல போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார் அரவிந்தன்.

எனக்குச் சந்தையில் நிற்கிற மாதிரியே இருந்தது. மேசைக்கடியில் அவள் விரலைப் பிடித்து அமுக்கினேன்: படிந்துவிடு. முடியாது என்று அவள் என் சுண்டுவிரலை மடக்கிய மடக்கில் எலும்பு நெரிந்தது. கல்யாணமான புதிதில் நானே கற்றுக்கொடுத்த பாஷை.

"சார், எங்க மாமனாரு துண்டு போட்டு, அதுக்குள்ள வெரலப் புடிச்சிதான் மாட்டுக்கு வெல பேசுவாரு. சுத்தி நிக்கிறவனுக்கு வெல தெரியாது. ஆனா யாரு கைன்னு மாட்டுக்காரனுக்குத் தெரியும். இங்க கையே தெரியலியே?" என்றாள் சசிரேகா.

"அது விதிமுறை. மதிப்பீட்டாளரை யாரும் போய்த் தொந்தரவு..."

"பேரு ஊரு வாணாம் சார். எதிர்ல வந்து குந்தட்டும். இதே மாதிரி மெசினு எங்க கீதுன்னு காட்டட்டும். கடையக் கட்டிடறேன்."

அவர் கோப்பைப் புரட்டினார். "பெரிய உலர்த்தி மார்க்கெட்ல இருக்குன்னு எழுதியிருக்காங்க."

"கீது. ஒரு லோடு கொட்டினாத்தான் ஓடும். ரெண்டு மூட்டக்காரன் ஊரான் நெல்லோட தன் நெல்லயும் கொட்டிட்டு, அப்பறம் எப்பிடிப் பிரிச்செடுப்பான்?"

அரவிந்தன் அந்தப் பக்கத்தை மறுபடி படித்தார். "மழ பேயற அன்னிக்கி வரச் சொல்லுங்க சார், நாஷ்டா நம்ம வூட்ல" என்றேன்.

"அதெல்லாம் கூடாது" என்றார். ஆனால் சிரித்துவிட்டார்.

உத்தரவு வந்தது: நேரடி மறுமதிப்பீடு, விண்ணப்பித்தவர் முன்னிலையில். அவளுக்கு மட்டுமல்ல, அந்தச் சுற்றில் தள்ளப்பட்ட அத்தனை பேருக்கும். நான் தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தேன்.

"யோவ், நிதியே இன்னும் வர்ல. இன்னாத்துக்கு இது?" என்றாள் சசிரேகா.

"வெல அப்பறம். ஆள சந்தைக்கு இழுத்துட்ட இல்ல?"

புரட்டாசி மழையில் மதிப்பீட்டாளர்கள் இருவர் வந்து சேர்ந்தார்கள். கார் ஏரிக்கரைச் சேற்றில் சிக்கியதால், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நடந்தே வந்தார்கள். பக்கத்துக் கொல்லை முனியம்மாள் நனைந்த மூட்டையைக் கொண்டுவந்து கொட்டினாள். சசிரேகா உமியைப் பற்றவைத்தாள்.

வெகுநேரம் கழித்துச் சூடாக நெல் சரிந்தது. மூத்தவர் குனிந்து ஒரு பிடி அள்ளினார். ஆவியில் அவர் கண்ணாடி வெளுத்துப்போனது. துடைக்கத் தோன்றாமல் ஒரு நெல்லைப் பல்லிடுக்கில் வைத்துக் கடித்தார். ஈர நெல் என்றால் நசுங்கியிருக்கும்; மழைச் சத்தத்தையும் மீறி, டக்கென்று இது உடைந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவர் இன்னொரு பிடிக்குக் கையை நீட்டினார்.