பொன்னுரங்கம் அடித்த மண்

கிராவல் மண் எடுக்கும் முன் ஒரகடம் மேட்டில் பழங்காலப் பொருள் ஏதும் கிடக்கிறதா என்று பார்க்கத் தொல்லியல் ஆய்வாளர் மதிவதனி வருகிறார் என்றதும் ஒப்பந்தக்காரர் வேலை நின்றுவிடும் என்று பதறினார். சைட் சூப்பர்வைசர் பொன்னுரங்கம் மட்டும் அசரவில்லை. மேடு முழுக்கப் பானை ஓடுகள் இறைந்து கிடப்பது அவருக்குத் தெரியும். ஜேசிபியை விட்டு மேல்மண்ணை மொத்தமாக வழித்துவிட்டார். கிடந்தால்தானே பார்ப்பார்கள்!

வழித்த மண்ணை ஒரகடம் பக்கம் எங்கே கொட்டினாலும் எவனாவது பார்த்துத் தொலைப்பான். வாலாஜாபாத்தில் அவருடைய சொந்த மனை பள்ளமாகக் கிடந்தது. லாரிகள் அங்கே போயின, மனை ரோட்டு மட்டத்துக்கு உயர்ந்தது. வாடகை வீடு மாறி மாறியே தலை நரைத்த மனிதர் அவர். அந்த மனையில் ஒரு வீடு எழும்புவதுதான் அவருக்கும் மனைவி காந்திமதிக்கும் உயிர்.

மதிவதனி வந்தார். புதர் வெட்டியபோது கொஞ்சம் மண்ணும் போய்விட்டது என்று பொன்னுரங்கம் சொன்னதை நம்பினார், பாவம். வெயிலில் மேட்டைச் சுற்றிவிட்டு, ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்.

அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். மனிதருக்கு நன்றி பொங்கிவிட்டது. இவ்வளவு நல்ல அதிகாரியைத் தன் வீட்டுப் பூமி பூஜைக்குக் கூப்பிடாமல் இருப்பது மரியாதையா என்று, மனைவியோடு தாம்பூலத் தட்டை ஏந்திக்கொண்டு போய் அழைத்தார். மதிவதனியால் அழைப்பைத் தட்ட முடியவில்லை.

ஈசானிய மூலையில் குழி வெட்டச் சொன்னார் ஐயர். மண்வெட்டியோடு கறுப்பும் சிவப்புமாக ஓடுகள் வந்தன, பின்னாலேயே ஈமத்தாழி ஒன்றின் கனத்த விளிம்பு. மதிவதனி பட்டுப்புடவையோடு அப்படியே மண்டியிட்டார். அவர் முகத்துச் சந்தோஷத்தைப் பார்த்த காந்திமதி, புதையல்தான் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஓடுகள் இங்கேயே புதைந்திருந்தவை என்றால் தோண்டிப் பார்த்து முடிக்கும்வரை ஒரு செங்கல்கூட வைக்கக்கூடாது, வெளி மண்ணோடு வந்தவை என்றால் அந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று மதிவதனி விளக்கினார். பிறகு நிமிர்ந்து கேட்டார்.

"சார், இங்க வெளியிலேர்ந்து மண்ணு அடிச்சீங்களா?"

பொன்னுரங்கத்தின் கண்முன் மொட்டை மேடு வந்தது, ஒப்பந்தக்காரர் வந்தார், போலீஸ் ஸ்டேஷனும் வந்தது. எதிரே, மஞ்சள் தடவிய முதல் செங்கல்லோடு காந்திமதி நின்றாள். அவளைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

"ஒரு லோடு கூட அடிக்கல மேடம்" என்றார். "எல்லாம் இந்த எடத்து மண்ணுதான்."