மேலே நின்ற வளையம்

ஐஸ் பெட்டியின் பிளக் வீட்டில் எந்த ஓட்டையிலும் நுழையவில்லை. பிரபாகரன் அதைக் கையில் பிடித்தபடி கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் பின்னறைக்குப் போனான். பெரிய பிளக் போடுகிற இடம் அங்கே ஒன்றுதான் இருந்தது. அதில் அண்ணனின் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பிரபா, அதைப் புடுங்காத" என்றாள் சசிகலா.

கூடத்தில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்த கணவனின் கால்மாட்டிலிருந்து எழுந்து வந்திருந்தாள். ஹேமநாத் காலை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ்ஸுக்காக நின்றவன், டீ கிளாஸைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை. நாற்பத்து நான்கு வயது.

"வெயில் ஏறிகினே போவுது அண்ணி. பெட்டிக்கு ஜல்தியா கரண்டு குடுக்கணும்."

"பத்து நிமிஷம் குடு."

"இந்த நேரத்துல இது எதுக்கு அண்ணி?"

"அவரு பாக்காம போயிட்டாரு."

பிரபாகரனுக்கு அண்ணனின் ஆராய்ச்சி என்றைக்கும் புரிந்ததில்லை. ஆனால் அண்ணியின் முகம் புரிந்தது. கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே காவலுக்கு நின்றுகொண்டான்.

மேஜையில் ஒரு கண்ணாடித் துண்டு, அதன் மேல் ஒட்டிய நகமளவு படலம், அதிலிருந்து கிளம்பும் தலைமுடி போன்ற இரண்டு கம்பிகள். அந்தக் கம்பிகளை ஒட்டிக் கொடுத்தவள் சசிகலாதான். தறியில் பட்டுப் பாவின் அறுந்த இழைகளைப் பிணைக்கிற கை அவளுடையது. பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டே பதினோரு வருஷமாக டாக்டர் பட்டத்துக்கு முட்டி மோதிக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கை இல்லாமல் ஒரு வேலையும் ஓடியதில்லை.

அவன் செய்தது ஒரே கலவையால் ஆன படலம் இல்லை. ஐந்து பூச்சு. ஒவ்வொரு பூச்சிலும் கலவை கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும். "அடியில அரக்கு, மேல போகப் போக ரோஸ், அந்த மாதிரி சேலை நெய்யறாங்க இல்ல, அதான்" என்று அவளுக்குச் சொல்லியிருந்தான். மின்சாரம் கொடுத்தால் திரையில் ஒரு வளையம் வரும். சாதாரணப் படலத்துக்கு அது நடுக்கோட்டில் உட்காரும். இவனுடைய வளையம் மேலே ஏறி நின்றது. அவன் திரும்பி உட்கார்ந்து எழுத, அவள் வளையம் நடுக்கோட்டிலிருந்து எத்தனை கட்டம் ஏறியிருக்கிறது என்று திரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். "எத்தனை கட்டம்?" என்பான். "ரெண்டரை" என்பாள். அந்தக் குரல் கொடுக்கலில்தான் அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்தன.

நான்கு நாளைக்கு முன்னால், அவனுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான வேலூர் கைடு போனில் சிரித்துவிட்டார். "அது உங்க பிலிம் இல்ல ஹேமநாத், சர்க்யூட்ல எங்கியோ லீக். வயரை மாத்திப் போட்டுப் பாருங்க. அதே அளவு நடுக்கோட்டுக்குக் கீழ எறங்குனா பிலிம். மேலயே நின்னா மிஷின்."

சிவப்பு கிளிப்பும் கறுப்பு கிளிப்பும் இடம் மாற வேண்டும், அவ்வளவுதான். பதினோரு வருஷம் பொறுத்தவனுக்கு அதற்கு மட்டும் நேரம் கிடைக்கவில்லை. ஒரு நாள் வோல்டேஜ் சரியில்லை என்றான். ஒரு நாள் கிளிப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நேற்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. "உங்களுக்கு பயம். அதை ஒத்துக்குங்க" என்றாள். அவன் துணியைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா" என்றான். அவள் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள்.

இன்று காலை செருப்பை மாட்டிக்கொண்டே, "மிஷினை ஆஃப் பண்ணாத சசி. சாயங்காலம் வந்து மாத்திடறேன், நீ கட்டம் சொல்லு" என்றான். அவள் சரி என்று கூடச் சொல்லவில்லை.

இப்போது திரையில் பச்சை வளையம் ரெண்டரை கட்டம் மேலே நின்றுகொண்டிருந்தது. கிளிப்பை மாற்றிய பிறகும் அது அங்கேயே நின்றுவிட்டால் பதினோரு வருஷமும் வெறும் ஓட்டை சர்க்யூட் என்று ஆகிவிடும். அதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கலாம். பிளக்கைப் பிடுங்கினால் யாரும் கேட்கப்போவதில்லை. அவளுக்கு அவன் பக்கத்தில் வேண்டும் போலிருந்தது, அவன் பயத்தோடு சேர்த்தே வேண்டும் போலிருந்தது.

வெளியே கன்னியம்மா அத்தையின் குரல் கேட்டது. "அந்தப் பொண்ணு உள்ள இன்னா பண்ணிகினு கீறா?"

"வந்துடுவாங்க அத்த. செத்த நேரம் விடு" என்றான் பிரபாகரன்.

சசிகலா சிவப்பு கிளிப்பைக் கழற்றினாள். வளையம் மறைந்தது. கிளிப் இரண்டு முறை கம்பியைத் தவறவிட்டது. மூன்றாவது முறை கவ்வியது. பிறகு கறுப்பு.

அவள் திரையைப் பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாக எண்ணினாள். மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

கதவைத் திறந்து கூடத்துக்கு வந்தபோது ஹேமநாத்தைப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கண்ணாடி மூடியை இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அவர்களைக் கையால் நிறுத்திவிட்டு அவள் குனிந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்துப் பெண்கள் வழிவிட்டார்கள்.

"இன்னாங்க" என்றாள் அவன் காதருகில். "கீழ எறங்கிடுச்சி."

சொல்லிவிட்டு நிமிரவில்லை. அவன் அடுத்துக் கேட்பதற்கு எப்போதும் ஆகிற நேரத்தை விட்டாள். மூடியைப் பிடித்திருந்தவர்கள் கை மாற்றிக்கொண்டார்கள். கன்னியம்மா அவள் தோளைத் தொட்டாள்.

"ரெண்டரை" என்றாள் சசிகலா.

பிறகு பிரபாகரனைப் பார்த்துத் தலையசைத்தாள். அவன் உள்ளே போய் பிளக்கை மாற்றினான். மூடி இறங்கியது, பெட்டி ஓடத் தொடங்கியது.