பரிதோஷ் பாபு கேட்ட சத்தம்

வங்காளத்து ஸ்ரீராம்பூரிலிருந்து சுவிட்சர்லாந்துக்குக் கிளம்பிய பதினான்கு பேர் கூட்டத்தில், பனி விழவே கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் பரிதோஷ் குஹாதான். மற்றவர்கள் அதைப் பார்க்கத்தான் ஆளுக்கு மூன்று ஸ்வெட்டர், கழுத்து வரை இழுத்துவிடும் குரங்குக் குல்லா, ஓமவாட்டர், ஹோமியோபதி மாத்திரை எல்லாம் கட்டிக்கொண்டு, லூச்சிப் பூரி பொரிக்க ஒரு சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பரிதோஷ் பாபுவுக்கோ ஐந்து நாளாக வானத்தைப் பார்ப்பதே வேலையாகப் போயிற்று. வானம் நீலமாக இருந்தால் நிம்மதி. ஒரு மேகம் தலைகாட்டினாலும் அது கலையும் வரை ஜன்னலை விட்டு நகரமாட்டார்.

ஊரைப் பொறுத்தவரை பரிதோஷ் பாபு பனியைப் பார்த்தவர். இருபத்து நான்கு வயதில் சிநேகிதர்களோடு சந்தக்பூ மலைக்கு நடந்தே போனாராம். இடுப்பளவு பனியாம். அதைச் சொல்லும்போது நாற்காலியிலிருந்து எழுந்து, காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்து காட்டுவார். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"எல்லாத்தையும் விட அந்தச் சத்தம் இருக்கே! தகரக் கூரை மேல ஜம்... ஜம்... ஜம்னு. நாலு நாள் நான் தூங்கல. பனி விழற சத்தத்தைக் கேட்டவனுக்கு வேற சங்கீதமே வேண்டாம்."

டீக்கடையில் சொன்னார், மின்வாரிய அலுவலகத்தில் சொன்னார், துர்கா பூஜைப் பந்தலில் மைக் கையில் கிடைத்த வருஷம் மைக்கிலேயே சொன்னார். பெண் பார்க்கப் போன இடத்திலும் சொல்லித் தொலைத்தார். அங்கேதான் வினை பிடித்தது. அந்த வாரம் பெண் கேதகிக்கு ஒரு பாங்க் அதிகாரியின் ஜாதகமும் வந்திருந்தது. அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இந்த மின்வாரிய குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டாள். "பனி விழற சத்தத்தையே காதுல வாங்கற மனுஷன், நான் சொல்றதையும் காதுல வாங்குவார்ல?" என்று தங்கையிடம் சொன்னாளாம்.

உண்மை என்னவென்றால், பரிதோஷ் பாபு ஃப்ரிட்ஜில் உறைவதைத் தவிர வேறு பனியைப் பார்த்ததே இல்லை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் அது ஒரு தொந்தரவும் தரவில்லை. ஸ்ரீராம்பூரில் பனி விழுந்து யாருடைய குட்டும் வெளிப்படப் போவதில்லை. ஆனால் அவர் ஓய்வு பெற்ற மறு வாரமே கேதகி, "அந்தச் சத்தத்தை நானும் ஒரு தடவை கேக்கணும்" என்று சொல்லி இந்தச் சுற்றுலாவுக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள். பனி விழும்போது சத்தம் வருமா வராதா? அது பரிதோஷ் பாபுவுக்கே தெரியாது. சினிமாவில் பனி விழும்போதெல்லாம் பாட்டைப் போட்டுவிடுகிறார்களே, மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

ஆறாம் நாள் காலை பல்சக்கர ரயிலில் மலை ஏறினார்கள். எதிர் இருக்கையில் ஹல்தார். பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பரிதோஷ் பாபுவின் கதையை நம்பாத ஒரே ஆள்.

"என்ன குஹா, மேல மேகம் கட்டுதே. இன்னிக்கு உங்க கச்சேரி உண்டா?"

"உண்டுதான்" என்று கேதகி முந்திக்கொண்டாள். "நீங்க முன்வரிசையில உக்காந்து கேளுங்க."

பரிதோஷ் பாபு வெளியே பார்த்தார். மேகம் கறுத்து, பஞ்சு மூட்டை போல மலை மேல் உட்கார்ந்திருந்தது.

ரயில் நின்றதும் கேதகி முதல் ஆளாக இறங்கி, பாதையை விட்டு விலகிக் காலை வைத்தாள். முழங்கால் வரை உள்ளே போய்விட்டது. அவள் போட்ட கூச்சலில் இரண்டு சுவிஸ் கிழவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இழுத்துவிடப் போன பரிதோஷ் பாபுவும் தொபுக்கென்று உட்கார்ந்தார். எழுந்திருக்க முயன்று மறுபடி விழுந்தார். அடேயப்பா, இதுவா பனி! அள்ளினால் கனமே இல்லை, கையுறையைக் கழற்றித் தொட்டால் சுடுகிறது, வாயில் போட்டால் ஒன்றுமே இல்லாமல் போகிறது. ஐந்து நாள் பயமெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. ஐம்பத்தொன்பது வயதில் அவருக்குத் துள்ள வேண்டும் போல இருந்தது, துள்ளவும் செய்தார்.

அப்போதுதான் மூக்கின் மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. அண்ணாந்து பார்த்தார். வானம் முழுக்கப் பொல பொலவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பரிதோஷ் பாபு எல்லாவற்றையும் மறந்து நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார்.

"ஏங்க."

நாக்கு உள்ளே போயிற்று.

"விழ ஆரம்பிச்சிடுச்சு. சத்தத்தைக் காணோமே?"

"குல்லா காதை மூடியிருக்கு, கேத்து."

கேதகி குல்லாவைக் கழற்றினாள். டிசம்பர் மாதத்தில் அவள் தலை குல்லா இல்லாமல் வெளிக்காற்றைப் பார்த்து முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. 'குளிரைப் பத்தி எனக்குத் தெரியும்' என்று அத்தனை வருஷமும் போட்டுவிட்டவர் இவர்தான். கைகளைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு கண்ணை மூடினாள். நரைத்த கூந்தலில் பனி வந்து வந்து தங்கியது. சத்தம் இல்லை. இருந்த கொஞ்ச நஞ்சச் சத்தத்தையும் இந்தப் பனி விழுங்கிக்கொண்டிருந்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்கப் பரிதோஷ் பாபுவுக்குத் தாங்கவில்லை.

"கேத்து, நான் மலை ஏறவே இல்ல."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அடிவாரத்துல மோமோ தின்னேன். வயித்தால போக ஆரம்பிச்சிடுச்சு. நாலு நாள். மத்தவங்கதான் மேல போனாங்க. நான் நடந்ததெல்லாம் கட்டிலுக்கும் கக்கூஸுக்கும்."

"அப்ப அந்தச் சத்தம்?"

"மழை. லாட்ஜுக்குத் தகரக் கூரை. சத்தம் மட்டும் சத்தியமா நெசம், கேத்து. நாலு நாள் தூங்காததும் நெசம்."

பரிதோஷ் பாபுவுக்கு அந்த பாங்க் அதிகாரி ஞாபகம் வந்தார். கொல்கத்தாவில் மூன்று மாடி வீடு கட்டிவிட்டதாகக் கேள்வி. கேதகியின் முகவாய் நடுங்கத் தொடங்கியது. அழப்போகிறாள் என்று நினைத்து இரண்டு கையையும் நீட்டினார். அவள் பனியில் பொத்தென்று உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வயித்தால போன ஆளை நம்பியா நான் பாங்க் ஆபீசரை விட்டேன்!"

"கோவமா?"

"கிட்ட வாங்க சொல்றேன்."

கிட்டப் போனார். கையில் அள்ளி வைத்திருந்த பனி முழுவதும் அவர் காலருக்குள் இறங்கியது. பரிதோஷ் பாபு அலறினார். முதுகை நெளித்துக்கொண்டு அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அவளும் சிரிக்க, அவரும் சிரிக்க, யாருக்கு மூச்சு முட்டுகிறது என்றே தெரியவில்லை. மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கியதில் அவருக்குத் தலை சுற்றியது.

சிரிப்புச் சத்தம் கேட்டு ஹல்தார் வந்தார். பின்னாலேயே மொத்தக் கூட்டமும். சிநேகிதர்களின் மனைவி யாராக இருந்தாலும் ஹல்தாருக்கு பௌதி, அதாவது அண்ணிதான்; அவர்களுக்கு அவர் 'தா', அண்ணன்.

"என்ன பௌதி, பனி விழுது, ஜம் ஜம் எங்க போச்சு? குஹா, கால் மணி நேரமா நிக்கறேன். ஒரு சத்தத்தையும் காணோம்!"

எல்லோரும் பரிதோஷ் பாபுவைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறக்கப் போனார். கேதகி எழுந்து புடவையில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டாள்.

"குல்லாவை மாட்டிக்கிட்டு நின்னா எப்படிக் கேக்கும் ஹல்தார்-தா? கழட்டுங்க. கண்ணை மூடுங்க. நல்லாக் காது குடுத்தாத்தான் கேக்கும். எல்லாக் காதுக்கும் கேக்காதுன்னு இவர் அப்பவே சொன்னார்."

ஹல்தார் யோசித்தார். பிறகு குல்லாவைக் கழற்றினார். அதைப் பார்த்து அவர் மனைவி கழற்றினாள். ஒவ்வொருவராகக் கழற்றினார்கள், சமையல்காரர் உட்பட. கொட்டும் பனியில் ஒரு வங்காளிக் கூட்டமே வெறுந்தலையோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றது. சொன்னால் ஸ்ரீராம்பூரில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.

ஒரு நிமிடம் போயிற்று. ஹல்தாரின் வழுக்கை வெள்ளையாகிக்கொண்டு வந்தது.

"ம்..." என்றார் ஹல்தார், கண்ணைத் திறக்காமல். "லேசா... ஆமா, லேசா ஏதோ..."

"லேசாவா?" என்றாள் அவர் மனைவி. "எனக்கு நல்லாவே கேக்குதே!"

"ஜம் ஜம்முனுதான் இருக்கு" என்றார் சமையல்காரர்.

பரிதோஷ் பாபுவின் கோட்டுப் பைக்குள் கேதகியின் சில்லிட்ட கை நுழைந்து, அவர் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளியது.

"சிரிச்சீங்க, கொன்னுடுவேன்" என்று அவர் காதில் சொன்னாள்.